ஈஸ்டர் புறஜாதிப் பண்டிகையா?

வேத பாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: லேவியராகமம் 23:9-16, ரோமர் 14:1-12, 1 கொரிந்தியர் 15:12-20



லெந்து நாட்கள் தொடங்கினால் போதும், நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் ஒரு கேள்வி வந்துவிடும். "பாஸ்டர், ஈஸ்டர் கொண்டாடலாமா? அது பாபிலோன் தேவதையோட பண்டிகைன்னு சொல்றாங்களே!" ஒருவர் அதைக் கைப்பிரதியில் வாசித்திருப்பார். இன்னொருவருக்குச் செல்போனில் செய்தி வந்திருக்கும். முட்டை படத்தையும் முயல் படத்தையும் காட்டி, "இதெல்லாம் வேதத்துல எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். வைராக்கியத்தோடுதான் கேட்கிறார்கள். வைராக்கியம் நல்லது. ஆனால் அது அறிவோடு சேர்ந்த வைராக்கியமாய் இருக்க வேண்டும் என்பதைப் பவுல் ரோமர் 10:2-ல் காட்டுகிறார்.

இது சும்மா வாக்குவாதத்திற்கான கேள்வி அல்ல. இதனால் வீடுகளில் சமாதானம் கெட்டுப்போகிறது. எங்கள் சபையில் புதிதாய் ஞானஸ்நானம் எடுத்த ஒரு வாலிபத் தம்பி தன் தாயாரிடத்தில், "அம்மா, நீங்க ஈஸ்டர் ஆராதனைக்குப் போனா பாபிலோனுக்குப் போறீங்க" என்று சொல்லிவிட்டான். அந்தத் தாயார் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவர்கள். புருஷனை இழந்த பிறகு ஒரு ஈஸ்டரையும் அவர்கள் தவறவிட்டதில்லை. அதிகாலை நாலு மணி ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திற்குப் போய், புருஷனுடைய கல்லறையில் பூ வைத்து, "உங்களை மறுபடியும் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். மகன் சொன்ன வார்த்தையினால் நொறுங்கிப்போய் என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், நான் இத்தனை வருஷம் யாரைக் கும்பிட்டேன்?" என்று கேட்டார்கள்.

அவர்களுக்குச் சொன்ன பதிலையும், அந்தத் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்ன பதிலையும் இந்தப் பாடத்தில் ஒழுங்காக எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கடையில் கணக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கிறவன் நான். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் சபைச் சரித்திரப் பாடம் எனக்கு மிகவும் பிரியம். அது இங்கே நமக்கு உதவும்.

1. பெயர் எங்கிருந்து வந்தது?

"ஈஸ்டர்" என்பது "இஷ்டார்" என்ற பாபிலோனியத் தேவதையின் பெயர் என்று சொல்லுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதைத் தவிர இதற்கு ஆதாரம் இல்லை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து தேசத்து ஊழியர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் "இரண்டு பாபிலோன்கள்" என்ற புத்தகத்தை எழுதினார். ஈஸ்டர் என்ற பெயரைப் பழைய கிழக்கத்தி தேவதையோடு முடிச்சுப் போட்டு அதிகமாய்ப் பரப்பியது அந்தப் புத்தகம்தான். இன்று கைப்பிரதிகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் எதிரொலி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தப் பண்டிகையை முதலில் ஆசரித்த விசுவாசிகளுக்கு இங்கிலீஷ் தெரியுமா? அந்தக் காலத்தில் இங்கிலீஷ் என்ற பாஷையே இல்லை. அவர்கள் கிரேக்கு பேசினவர்கள், சீரிய பாஷை பேசினவர்கள். கிரேக்கு பேசினவர்கள் இந்த நாளை "பாஸ்கா" என்றார்கள். எபிரெயரின் "பெசாக்", அதாவது பஸ்கா, என்ற சொல்லிலிருந்து அது வந்தது. எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் நிலைக்கால்களில் பூசப்பட்டதே, அந்த இராத்திரியின் பெயர்தான் இந்த நாளின் பெயர்.

இன்றைக்கும் உலகத்தின் பெரும்பகுதி அப்படித்தான் சொல்லுகிறது. இத்தாலியில் பாஸ்குவா, ஸ்பெயினில் பாஸ்குவா, பிரான்சில் பாக், ரஷ்யாவில் பாஸ்கா, எத்தியோப்பியாவில் ஃபாசிக்கா, இந்தோனேசியாவில் பாஸ்கா. நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் "பாஸ்கா" என்கிறார்கள். கிராமங்களில் விடிய விடிய பாஸ்கா நாடகம் போடுவார்கள். பக்கத்தில் கேரளத்துப் பழைய சீரியக் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இராத்திரி புளிப்பில்லாத "பெசஹா அப்பம்" சுட்டு, வீட்டின் மூத்தவர் ஜெபித்துப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார். "பெசஹா" என்பதும் பஸ்காதான்.

அப்படியானால் "ஈஸ்டர்" எங்கிருந்து வந்தது? இங்கிலீஷிலும் ஜெர்மன் பாஷையிலும் பெயர் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் பீட் என்ற துறவி 725-ம் வருஷத்தில் காலக்கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏப்ரல் மாதத்திற்கு அந்நாட்டு ஜனங்கள் பழைய காலத்தில் "ஈயோஸ்டர்" என்ற ஒரு தேவதையின் பெயரை வைத்திருந்தார்கள் என்றும், அந்த மாதப் பெயரே பண்டிகைக்கும் ஒட்டிக்கொண்டது என்றும் அவர் சொல்லுகிறார். அவருக்கு முன் அந்தத் தேவதையைப் பற்றி எழுதினவர் ஒருவரும் இல்லை. பீட் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்ன ஆகிறது? மாதத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நாம் சனிக்கிழமை என்றும் வியாழக்கிழமை என்றும் சொல்லுகிறோமே, கிரகத்தையா கும்பிடுகிறோம்?

இன்னொன்றைக் கவனியுங்கள். 1611-ம் வருஷத்து ஜேம்ஸ் ராஜாவின் இங்கிலீஷ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 12:4-ல் "ஈஸ்டர்" என்று போட்டிருக்கிறது. அதே வசனத்தை உங்கள் தமிழ் வேதாகமத்தில் திருப்பிப் பாருங்கள். பஸ்கா என்றுதான் இருக்கும். மூல பாஷையில் இருப்பதும் அதுவே.

2. தேதி ஏன் வருஷந்தோறும் மாறுகிறது?

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்று நிலையாக நிற்கிறது. ஈஸ்டர் மட்டும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "தேதியே தெரியாத பண்டிகை" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். ஆனால் தேதி மாறுவதிலேதான் இதன் வேர் தெரிகிறது.

பஸ்கா ஆட்டுக்குட்டி முதலாம் மாதம் 14-ம் தேதி அடிக்கப்பட வேண்டும் என்று யாத்திராகமம் 12-ல் கட்டளை இருக்கிறது. எபிரெயரின் மாதம் அமாவாசைக்குப் பிறகு தெரியும் பிறையோடு தொடங்குகிறது. அப்படியானால் 14-ம் நாள் பௌர்ணமி. கெத்செமனேயில் ஆண்டவர் முழங்காற்படியிட்ட அந்த இராத்திரி நிலா வெளிச்சமுள்ள இராத்திரி. ஆகவே வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகிற நாளாகிய மார்ச் 21-ஐ வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்று சபை கணக்குப் போட்டது. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் ஆசரிக்க வேண்டும் என்று 325-ம் வருஷத்தில் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம் தீர்மானித்தது.

அப்படியிருந்தும் இன்று உலகத்தில் இரண்டு ஈஸ்டர் இருக்கிறது. 1582-ல் போப் பதிமூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கிழக்கத்தி ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் பழைய கணக்கையே வைத்துக்கொண்டன. ஆகவே 2024-ல் நமக்கு மார்ச் 31 ஈஸ்டர். அவர்களுக்கு மே 5. நிசேயா சங்கம் கூடி 1700 வருஷம் நிறைந்த 2025-ல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தது.

3. சிமிர்னாவின் மூப்பரும் ரோமாபுரியின் மூப்பரும்

இப்போது நான் சொல்லப்போகிற காரியத்தை அந்தத் தம்பிக்கு இரண்டு தடவை சொன்னேன்.

வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் சிமிர்னா சபையை வாசிக்கிறோம் அல்லவா? அந்தச் சபைக்குப் பிற்காலத்தில் பாலிகார்ப் என்பவர் கண்காணியாய் இருந்தார். அப்போஸ்தலனாகிய யோவானைக் கண்டு பழகினவர் என்று பழைய சரித்திரம் சொல்லுகிறது. அவரும் ஆசியாவின் சபைகளும் பஸ்கா நாளாகிய 14-ம் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே ஆசரித்தார்கள். ரோமாபுரி சபையோ, ஆண்டவர் எழுந்தது வாரத்தின் முதலாம் நாள், ஆகவே ஞாயிறுதான் என்றது.

155-ம் வருஷம் போல, வயதுசென்ற பாலிகார்ப் கடல் கடந்து ரோமாபுரிக்குப் போனார். அங்கே கண்காணியாயிருந்த அனிசேத்துவோடு இந்தக் காரியத்தைப் பேசினார். ஒருவரை ஒருவர் சம்மதிக்க வைக்க முடியவில்லை. இவர் யோவானிடம் கற்றதை விடவில்லை. அவர் தமக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விடவில்லை. பிறகு என்ன நடந்தது? சபை உடைந்ததா? துண்டுப்பிரதி அடித்தார்களா? இல்லை. அனிசேத்து தம்முடைய சபையிலே கர்த்தருடைய பந்தியை நடத்தும்படி பாலிகார்ப்பைக் கனப்படுத்தினார். இருவரும் சமாதானத்தோடே பிரிந்தார்கள். தேதியில் ஒத்துப்போகவில்லை, அப்பத்தில் ஒத்துப்போனார்கள். அல்லேலூயா!

சில வருஷங்களுக்குள் பாலிகார்ப் சிமிர்னாவில் அக்கினிக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டு இரத்தசாட்சியாய் மரித்தார். 190-ம் வருஷம் போல ரோமாபுரியில் விக்டர் என்பவர் கண்காணியாக வந்தார். 14-ம் தேதிக்காரர்களைச் சபையின் ஐக்கியத்திலிருந்தே தள்ளிவிட முற்பட்டார். அப்போது லியோன் பட்டணத்தின் கண்காணி ஐரேனியு, தானும் ஞாயிறை ஆசரிக்கிறவராயிருந்தும், விக்டருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். பாலிகார்ப்பும் அனிசேத்துவும் நடந்துகொண்ட விதத்தை அந்தக் கடிதத்தில் ஞாபகப்படுத்தினார். அதனால்தான் இந்தச் சம்பவமே இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவன் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளுகிறான். விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கிறான் என்பது ரோமர் 14-ன் உபதேசம். அங்கே பவுல் குற்றம் பிடிப்பது நாளை ஆசரிக்கிறவனையும் அல்ல, ஆசரிக்காதவனையும் அல்ல. தன் சகோதரனை நியாயந்தீர்க்கிறவனைத்தான். தாயாரை நியாயந்தீர்க்கிற மகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

4. தேசங்கள் தோறும் அந்த இராத்திரி

இந்த நாளை உலகம் எப்படி ஆசரிக்கிறது என்பதில் சிலவற்றை மட்டும் பார்ப்போம். எல்லாவற்றையும் நாம் செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல. ஜனங்கள் எதைச் சொல்ல விரும்பி இதையெல்லாம் செய்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வதற்காக.

கிரீஸ் தேசத்தில் சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன் ஆலயத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். கல்லறை இருட்டு. பிறகு ஒரே ஒரு தீபத்தோடு போதகர் வெளியே வருவார். அந்த ஒன்றிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று மெழுகுவர்த்திகள் பற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் ஆலயமும் முற்றமும் வெளிச்சம். "கிறிஸ்தோஸ் அனெஸ்தி" என்பார்கள். கிறிஸ்து எழுந்தார் என்று அர்த்தம். "அலித்தோஸ் அனெஸ்தி", மெய்யாகவே எழுந்தார் என்று பதில் வரும். அந்தச் சுடரை அணையாமல் வீடுவரைக்கும் கொண்டுபோய், வாசல் நிலையின் மேல் அதன் புகையால் சிலுவை அடையாளம் இடுவார்கள். எகிப்தில் நிலைக்காலில் பூசின இரத்தம் உங்கள் ஞாபகத்திற்கு வருகிறதா?

ரஷ்யாவிலும் அதே வாழ்த்துதான். மாஸ்கோவில் இரட்சகராகிய கிறிஸ்துவின் பேராலயம் என்று பெரிய ஆலயம் ஒன்று இருந்தது. 1931 டிசம்பரில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதை வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் பிற்பாடு ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். சோவியத் ஆட்சி 1991-ல் விழுந்தது. அதே இடத்தில் ஆலயம் மறுபடியும் எழும்பி 2000-ம் வருஷத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. உயிர்த்தெழுந்தவரின் பெயரால் நின்ற ஆலயத்தைப் புதைத்துவிட்டோம் என்று நினைத்தார்கள், புதைத்தவர்கள்தான் போய்விட்டார்கள்.

எத்தியோப்பியாவில் ஃபாசிக்காவுக்கு முன் 55 நாள் உபவாசம். மாம்சம், பால், வெண்ணெய், முட்டை ஒன்றும் தொடமாட்டார்கள். பெரிய வெள்ளியன்று மறுபடியும் மறுபடியும் தரையில் விழுந்து பணிந்துகொள்வார்கள். சனி இராத்திரி வெள்ளை வஸ்திரம் தரித்து ஆலயத்தில் கூடி நள்ளிரவுக்கு வெகுநேரம் பின்பு வரைக்கும் நின்று ஆராதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் இஞ்சேரா அப்பமும் கோழிக் குழம்பும் வைத்து உபவாசத்தை முடிப்பார்கள். நாம் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தால், இரண்டாம் நாள் மத்தியானமே கடிகாரத்தைப் பார்க்கிறோம். அவர்களுடைய உபதேசத்தில் எல்லாவற்றையும் நாம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், இந்த வாஞ்சையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

பிலிப்பைன்ஸ் தேசத்தில் விடியுமுன் இரண்டு ஊர்வலம் புறப்படும். ஒன்றில் உயிர்த்த கிறிஸ்துவின் சொரூபம். இன்னொன்றில் கறுப்பு முக்காடு போட்ட மரியாளின் சொரூபம். இரண்டும் சந்திக்கிற இடத்தில், தேவதூதனைப்போல் உடுத்திய ஒரு சிறுமி அந்தக் கறுப்பு முக்காட்டை எடுத்துவிடுவாள். சொரூபங்களை நாம் ஏற்றுக்கொள்வதில்லை, அதில் சந்தேகமில்லை. ஆனால் துக்கத்தின் முக்காடு இந்தக் காலையில் எடுபட்டுப்போயிற்று என்ற செய்தி சத்தியந்தானே?

கடைசியாக ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்ற சிறிய ஊர். இங்கே நம் பெந்தெகொஸ்தே ஜனம் கட்டாயம் நின்று கவனிக்க வேண்டும். சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்த மொரேவிய சகோதரர்களிடத்தில் ஒருகாலத்தில் பெரிய சண்டை. 1727 ஆகஸ்டு 13-ல் திருவிருந்து ஆராதனையில் ஆவியானவர் அவர்களை உடைத்து ஒன்றாக்கினார். அதன்பின் அங்கே தொடங்கிய இரவு பகல் ஜெபச் சங்கிலி நூறு வருஷம் நடந்தது. அந்த எழுப்புதல் நடந்த ஊரில்தான், 1732-ம் வருஷ ஈஸ்டர் அன்று வாலிபச் சகோதரர்கள் சூரியன் உதிக்குமுன் குன்றின்மேல் இருந்த கல்லறைத் தோட்டத்திற்குப் போய், மரித்தவர்கள் நடுவில் நின்று உயிர்த்தெழுந்தவரைப் பாடினார்கள். அதுவே மொரேவியர்கள் போன இடமெல்லாம் பரவியது. அமெரிக்காவில் வட கரோலினாவின் சேலத்தில் 1772-ல் தொடங்கினார்கள். இன்றும் ஊதுகருவிகள் முழங்க நடத்துகிறார்கள். அவர்களுடைய தோட்டத்தில் எல்லாக் கல்லறைக் கல்லும் ஒரே அளவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பணக்காரன், ஏழை வித்தியாசம் இல்லை. இதே மொரேவியர்கள் 1760-ல் நம்முடைய தரங்கம்பாடிக்கும் ஊழியம் செய்ய வந்தார்கள்.

நான் அந்தத் தம்பியிடம் கேட்டேன்: "எழுப்புதல் வேணும்னு ஜெபிக்கிறோமே, நூறு வருஷம் ஜெபிச்ச அந்த ஜனம் ஈஸ்டர் விடியற்காலையில எங்கே நின்னாங்க தெரியுமா? உங்க அம்மா நிக்கிற மாதிரி இடத்துலதான்."

5. முட்டையும் முயலும்

இது சின்னக் காரியம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் லெந்து உபவாசத்தில் முட்டை சாப்பிடக்கூடாது. கோழிக்கு அது தெரியுமா? அது இட்டுக்கொண்டேதான் இருக்கும். உபவாசம் முடிகிற நாளில் வீட்டில் முட்டை குவிந்திருக்கும். அதை அவித்து, சாயம் தோய்த்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிரேக்கர் சிவப்பு ஒன்றையே தோய்ப்பார்கள். அது கிறிஸ்துவின் இரத்தம் என்பார்கள்.

முயல் வந்தது ஜெர்மானிய நாடுகளின் கிராமத்து வழக்கத்திலிருந்து. காட்டு முயல் முட்டை கொண்டுவரும் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவதைப் பற்றி 1682-ல் ஒரு ஜெர்மானிய வைத்தியர் எழுதியிருக்கிறார். பிறகு குடியேறினவர்களோடு அமெரிக்காவுக்குப் போயிற்று. அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் பிள்ளைகள் முட்டை உருட்டி விளையாடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் முயல் பயிரை அழிக்கிற தொல்லை. ஆகவே அங்கே பில்பி என்ற தங்கள் நாட்டுச் சிறு பிராணியைச் சாக்லேட்டில் செய்து விற்கிறார்கள். இதில் பாபிலோனும் இல்லை, சுவிசேஷமும் இல்லை. பேக்கரியில் சர்க்கரை முட்டை வாங்கிக் கொடுத்ததினால் பிள்ளை கெட்டுப்போகாது. முட்டையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, காலியான கல்லறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், அங்கேதான் நஷ்டம்.

6. ஐம்பது நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது?

தேவ ஜனமே, இந்தப் பாடத்தின் நடு நரம்புக்கு வந்துவிட்டோம். நம்முடைய பெயர் என்ன? பெந்தெகொஸ்தே. அந்தக் கிரேக்கு வார்த்தைக்கு அர்த்தம் "ஐம்பதாவது". சரி, எதிலிருந்து ஐம்பது?

லேவியராகமம் 23-ஐத் திறந்து பாருங்கள். பஸ்காவுக்குப் பின், ஓய்வுநாளுக்கு மறுநாளிலே, அறுப்பின் முதற்பலனாகிய கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்ட வேண்டும். அந்த நாளிலிருந்து ஏழு வாரங்களை எண்ணி, ஐம்பதாம் நாளில் புதிய போஜனபலியைச் செலுத்த வேண்டும். ஓய்வுநாளுக்கு மறுநாள் என்றால் வாரத்தின் முதலாம் நாள். அந்த நாளில் என்ன நடந்தது? கல் புரட்டப்பட்டது! 1 கொரிந்தியர் 15:20-ல் பவுல் ஆண்டவரை முதற்பலன் என்று அழைக்கிறாரே, அது அழகுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. கதிர்க்கட்டு அசைவாட்டும் பண்டிகையை மனதில் வைத்துச் சொன்ன வார்த்தை.

ஆகவே உயிர்த்தெழுந்த ஞாயிறு முதல் எண்ணினால்தான் மேல்வீட்டு அறையில் அக்கினி விழுந்த நாள் வருகிறது. முதற்கதிர் இல்லாமல் அறுப்பு இல்லை. காலியான கல்லறை இல்லாமல் நிரம்பின மேல்வீட்டறை இல்லை. "நான் பெந்தெகொஸ்தேகாரன், எனக்கு ஈஸ்டர் வேண்டாம்" என்று சொல்லுகிறவன், ஒன்று என்ற எண் வேண்டாம், ஐம்பது மட்டும் போதும் என்கிறான். பேதுரு அந்த ஐம்பதாம் நாளில் எழுந்து நின்று எதைப் பிரசங்கித்தான்? அந்நியபாஷையின் காரணத்தை விளக்கிவிட்டு, தேவன் இயேசுவை எழுப்பினார், அதற்கு நாங்கள் சாட்சிகள் என்றுதான் பிரசங்கித்தான் (அப். 2:24-32). முதல் பெந்தெகொஸ்தே பிரசங்கமே ஈஸ்டர் பிரசங்கம்.

ரோமர் 8:11-ஐயும் சேர்த்து வாசியுங்கள். இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பின அதே ஆவியானவர் உங்களுக்குள் வாசமாயிருக்கிறார். கல்லறையில் கிரியை செய்த வல்லமை வேறு, உங்கள் ஜெப அறையில் இறங்குகிற வல்லமை வேறு அல்ல. இரண்டும் ஒன்றே.

7. மட்டக்களப்பின் ஈஸ்டர்

இந்த விசுவாசத்திற்கு விலை உண்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஓட்டல்கள் என்று ஒரே காலையில் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் அதிகமானவர்கள் மரித்தார்கள். மட்டக்களப்பு சீயோன் சபை நம்மைப்போல் தமிழில் பாடி ஆராதிக்கிற சபை. ஓய்வுநாள் பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற சிறு பிள்ளைகளும் மரித்தவர்களில் உண்டு. பையோடு வந்த அந்நியனை உள்ளே விடாமல் வாசலிலே நிறுத்தின ஒரு சகோதரன் தன் உயிரைக் கொடுத்தார். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களிடத்தில் போய், "ஈஸ்டர் என்கிற பெயர் எந்தப் பாஷை தெரியுமா?" என்று நாம் பேசுவோமா? அவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு: என் பிள்ளையை மறுபடியும் பார்ப்பேனா? கிறிஸ்து எழுந்திராவிட்டால் நம் விசுவாசம் வீண், கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்களும் கெட்டுப்போனார்கள் என்று பவுல் மறைக்காமல் எழுதிவிட்டான் (1 கொரி. 15:17-18). அவர் எழுந்தார் என்றால், அவருக்குள் நித்திரையடைந்தவர்களும் எழுந்திருப்பார்கள். இதற்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இல்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மரித்தவர்கள் கத்தோலிக்கர், மட்டக்களப்பில் மரித்தவர்கள் சுவிசேஷ சபையார். குண்டு வைத்தவன் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே காலையில் ஒரே நாமத்திற்காகக் கூடியிருந்தார்கள்.

8. அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: நம் சபையில் ஈஸ்டர் விசேஷ ஆராதனை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள்தான். ஆனால் உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்காமல் ஒரு வருஷம்கூடக் கடந்துபோகக்கூடாது.

இரண்டு: மற்ற சபையார் ஆசரிக்கிறதைப் பரிகாசம் பண்ண வேண்டாம். வேதத்திற்கு ஒவ்வாததை அன்போடு சொல்லுங்கள். ஆதாரம் இல்லாததைச் சொல்லவே வேண்டாம். பொய்யான செய்தியை வைராக்கியத்தோடு அனுப்பினாலும் அது பொய்தான்.

மூன்று: இந்த ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே நாள் வரைக்கும் நாட்களை எண்ணுங்கள். தினமும் குடும்ப ஜெபத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் கொஞ்சம் வாசியுங்கள். எழுந்தவரைக் கண்டவர்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நான்கு: உங்கள் தெருவில் இந்த வருஷம் ஒருவரை மண்ணுக்குக் கொடுத்த வீடு உண்டா? ஈஸ்டர் அன்று அந்த வீட்டுக்குப் போங்கள். பெரிய பிரசங்கம் வேண்டாம். அவர் எழுந்தார் என்று மட்டும் சொல்லி, கூட உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

அன்பானவர்களே, தேதியை இழுத்தார்கள், பெயரை மாற்றினார்கள், முட்டையைச் சேர்த்தார்கள், ஆலயத்தை இடித்தார்கள், குண்டும் வைத்தார்கள். கல்லறையை மட்டும் ஒருவராலும் நிரப்ப முடியவில்லை. அது இன்றைக்கும் காலியாய் இருக்கிறது. எழுந்தவர் சீக்கிரமாய் வருகிறார்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்முடைய குமாரனை எழுப்பின ஆவியானவரை எங்களுக்குள் வைத்ததற்காக ஸ்தோத்திரம். எங்கள் நாவைக் காத்தருளும். எங்கள் வீடுகளில் பிரிந்துபோனவர்களை ஒரே பந்தியில் உட்காரச் செய்யும். துக்கப்படுகிறவர்களுக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.